மறந்துபோன எஃப்.பி.எஸ். கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த கேம்களை "மறந்துபோனவை" என்கிறீர்கள்?

கதாபாத்திரத்தின் கண்ணால் உலகைப் பார்த்தபடி, கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் திரையின் அடியில் தெரிய, ஓடி ஓடிச் சுடும் வகைதான் எஃப்.பி.எஸ். இதில் டூம், குவேக், ஹாஃப்-லைஃப், கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆகிய பெயர்கள் கேம் ஆடாதவர்களுக்கும் தெரியும். அவற்றுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் வந்த ஏராளமான கேம்களின் பெயர் இன்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. அவற்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பெரும்பாலும் 1990களில் வந்தவை.

மறந்துபோனவை என்றால் மோசமானவை என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஒரு கேமை மறதிக்குள் தள்ளுவது அதன் தரம் அல்ல. தப்பான வாரத்தில் வெளிவந்தது, எல்லோரிடமும் இல்லாத மெஷினில் ஓடியது, சோர்ஸ் கோடு (புரோகிராமர்கள் எழுதிய மூல நிரல்) தொலைந்தது, உரிமை யாரிடம் என்று சொல்லும் காகிதம் கிடைக்கவில்லை, இப்படிப்பட்ட காரணங்கள்தான் அதிகம்.

முதல் எஃப்.பி.எஸ். டூம்தானே?

இல்லை. டூம் வந்தது 1993 டிசம்பரில். டூமைச் செய்த இட் சாஃப்ட்வேர் நிறுவனமே 1992 மே மாதம் வுல்ஃபென்ஸ்டைன் 3டி வெளியிட்டது. அதற்கும் முன்னால், 1991இல், சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்துக்காக ஹோவர்டேங்க், கேட்டகோம்ப் 3டி என்று இரண்டு கேம்களைச் செய்துகொடுத்தார்கள். கேட்டகோம்ப் 3டியில் நீங்கள் ஒரு மந்திரவாதி. துப்பாக்கி கிடையாது, உள்ளங்கையிலிருந்து நெருப்புருண்டை பறக்கும். ஆட்டக்காரரின் கை திரையில் தெரிவது, சுவரில் கல் பாசி எல்லாம் படமாக ஒட்டியிருப்பது ஆகிய இரண்டும் பதினாறே நிறங்களில் அங்கே வந்துவிட்டன.

உண்மையான ஆரம்பம் இன்னும் இருபது வருடம் பின்னால் இருக்கிறது. 1973இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், படிப்போடு வேலையும் பார்த்த மாணவர்களான ஸ்டீவ் காலி, கிரெக் தாம்சன், ஹோவர்ட் பால்மர் ஆகியோர் இம்லாக் என்ற கம்ப்யூட்டரில் மேஸ் வார் என்ற கேமை உருவாக்கினார்கள். கோடுகளால் வரைந்த ஒரு புதிர்ப்பாதைதான் களம். இரண்டு மெஷின்களை ஒரு கம்பியால் இணைத்து ஒருவரையொருவர் தேடிச் சுட்டார்கள். 1974இல் தாம்சன் எம்.ஐ.டி.க்குப் படிக்கப் போனபோது கேமும் கூடவே போனது. அங்கே எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆட வசதி வந்தது. அதே 1974இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ அமைப்பில் ஜிம் போவரி எழுதிய ஸ்பேசிம் வந்தது. அது விண்கலப் போர், 32 பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம்.

எதிரே நிற்பது கம்ப்யூட்டர் அல்ல, இன்னொரு மனிதர் என்ற சிலிர்ப்போடுதான் இந்த வகை பிறந்தது. ஆன்லைன் ஆட்டம் பின்னாளில் ஒட்டவைத்த வசதி என்று யாராவது சொன்னால் மேஸ் வாரைக் காட்டுங்கள்.

டூமுக்கு முன்பே பலர் சேர்ந்து ஆடும் கேம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததா?

இருந்தது. 1987இல் அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்கு வந்த மிடி மேஸ். இதைச் செய்தது ஸான்த் சாஃப்ட்வேர். அந்தக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வசதி கிடையாது. ஆனால் கீபோர்டு போன்ற இசைக்கருவிகளை இணைப்பதற்கான மிடி துளைகள் எல்லா மெஷினிலும் இருந்தன. ஒரு மெஷினின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீட்டில் செருகி, கடைசி மெஷினை முதல் மெஷினோடு சேர்த்து வளையமாக்கினால் 16 பேர் ஆடலாம். எதிரிகள் எல்லாம் சிரித்த முகமுள்ள வண்ண உருண்டைகள். இசைக்காக வைத்த துளையைப் போர்க்களமாக மாற்றிய அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பிறகு இதுவே ஃபேஸ்பால் 2000 என்ற பெயரில் கேம் பாயின் சின்னத் திரைக்கும் வந்தது.

பழைய கேம்களில் எல்லாச் சுவரும் ஏன் நேர்கோணத்திலேயே இருக்கின்றன?

வேகத்துக்காக. வுல்ஃபென்ஸ்டைன் 3டியின் வரைபடம் உண்மையில் சதுரக் கட்டங்கள் போட்ட ஒரு தாள். திரையின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஆட்டக்காரரின் கண்ணிலிருந்து ஒரு கதிரை அனுப்பி, அது எந்தக் கட்டத்தில், எவ்வளவு தூரத்தில் முட்டுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். பக்கத்தில் முட்டினால் உயரமான கோடு, தூரத்தில் முட்டினால் குட்டையான கோடு. அவ்வளவுதான் மொத்த வித்தையும். சுவர்கள் கட்டத்தின் ஓரத்தில் மட்டுமே நிற்பதால் கணக்கு சுருக்கமாக முடிகிறது. அதனால்தான் 286 என்ற பழைய வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. விலை என்னவென்றால் படிக்கட்டு கிடையாது, சாய்ந்த சுவர் கிடையாது, எல்லா அறையும் ஒரே உயரம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று சிலர் அற்புதம் செய்தார்கள். கென் சில்வர்மன் என்ற பதின்பருவப் பையன் 1993இல் கென்ஸ் லாபிரிந்த் என்ற கேமை வெளியிட்டார். எபிக் நிறுவனம் அதை விற்றது. எஞ்சின் என்றால் கேமை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்; அதே பையன் அடுத்து எழுதிய பில்ட் எஞ்சினில்தான் டியூக் நியூகம் 3டி, பிளட், ஷேடோ வாரியர் எல்லாம் ஓடின.

1994 இறுதியில் அப்போஜி நிறுவனம் வெளியிட்ட ரைஸ் ஆஃப் தி ட்ரையட் எனக்கு இன்னும் பிடித்த உதாரணம். வுல்ஃபென்ஸ்டைனின் தொடர்ச்சியாகத் திட்டமிட்டு, பாதியில் தனி கேமாக மாறியது அது. இட் சாஃப்ட்வேரை விட்டு விலகிய டாம் ஹால்தான் தலைமை. எஞ்சின் பழையது என்பதால் சுவர்கள் அப்போதும் நேர்கோணம்தான். ஆனால் மாடிப்படி கட்ட முடியாவிட்டால் என்ன, காற்றில் மிதக்கும் தட்டுகளை வரிசையாக வைத்து அவற்றையே படிகளாக்கினார்கள். மிதித்தால் ஆளைத் தூக்கி எறியும் மேடைகளை வைத்து ஆட்டக்காரரை வானத்தில் பறக்கவிட்டார்கள். இல்லாததை நினைத்து உட்காராமல் இருப்பதை வைத்துச் செய்த வேலை அது.

நல்ல கேம் எப்படி மறந்துபோகும்?

மூன்று கேம்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது பிளேக் ஸ்டோன்: ஏலியன்ஸ் ஆஃப் கோல்ட். வுல்ஃபென்ஸ்டைன் எஞ்சினை மேம்படுத்திச் செய்தது. தரையிலும் கூரையிலும் படங்கள், நடந்த இடத்தைக் காட்டும் வரைபடம், காசு போட்டால் சாப்பாடு தரும் மெஷின், லிஃப்டில் ஏறி முன்பு போன தளத்துக்கே திரும்பும் வசதி, எல்லாம் உண்டு. ஆய்வகத்தில் திரியும் விஞ்ஞானிகளில் சிலர் எதிரிகள், சிலர் நம் பக்கம். சுடுவதற்கு முன் அருகில் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். நண்பராக இருந்தால் குண்டும் தகவலும் தருவார். சுட்டுவிட்டுப் பிறகு யோசிப்பவருக்கு இது நல்ல பாடம். இந்த கேம் 1993 டிசம்பர் 5 அன்று வந்தது. டூம் வந்தது டிசம்பர் 10. ஐந்தே நாள். டூமின் உயர்ந்து தாழும் தரைகளையும் இருட்டையும் பார்த்த கண்களுக்கு பிளேக் ஸ்டோன் ஒரே வாரத்தில் பழையதாகிவிட்டது.

இரண்டாவது ஸ்ட்ரைஃப். ரோக் என்டர்டெயின்மென்ட் செய்தது, 1996. டூம் எஞ்சினில் கடையில் விற்பனைக்கு வந்த கடைசிப் புதிய கேம் இதுதான் என்பார்கள். ஊர் ஒன்று இருக்கிறது, அதில் கடைக்காரர், வைத்தியர், மதுக்கடை எல்லாம் உண்டு. ஊருக்குள் துப்பாக்கியால் சுட்டால் அலாரம் அடிக்கும். சத்தமில்லாமல் குத்துவாளால் வேலையை முடிக்கலாம். பிளாக்பேர்ட் என்ற பெண் வானொலியில் வழிகாட்டிக்கொண்டே வருவாள். யாரை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். எஃப்.பி.எஸ்.ஸுக்குள் கதையும் பேரமும் முடிவெடுப்பதும் வந்தது பின்னாளில்தான் என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு மணி நேரம் ஆடிப்பார்க்க வேண்டும். ஆனால் இது வந்த சில வாரங்களில் குவேக் வந்தது. முழு முப்பரிமாணத்தைப் பார்த்தபின் தட்டை உருவங்கள் நடமாடும் கேமை யார் வாங்குவார்கள்?

ஸ்ட்ரைஃபுக்கு அதோடு துன்பம் முடியவில்லை. அதன் சோர்ஸ் கோடு தொலைந்துபோனது. டூம், அதே எஞ்சினில் ஓடிய ஹெரெடிக், ஹெக்ஸன் ஆகியவற்றின் கோடு பொதுவில் வந்து புதிய மெஷின்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரைஃப் மட்டும் தனியாக நின்றது. ஜேம்ஸ் ஹேலி, சாமுவேல் வில்லாரியல் என்ற இரண்டு புரோகிராமர்கள் விற்பனையான கேமைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று வரிவரியாகத் தெரிந்துகொண்டு கோடைத் திரும்ப எழுதினார்கள். அந்த உழைப்பின் பலனாகத்தான் 2014 டிசம்பரில், பழைய கேம்களைப் புதுப்பித்து விற்கும் நைட்டைவ் நிறுவனம் ஸ்ட்ரைஃப்: வெடரன் எடிஷனை வெளியிட முடிந்தது.

மூன்றாவது மாரத்தான். 1994 டிசம்பரில் பஞ்சி நிறுவனம் வெளியிட்டது. மவுஸால் மேலே கீழே பார்ப்பது, இரண்டு கையிலும் துப்பாக்கி, நெட்வொர்க்கில் ஆடும்போது மைக்கில் பேசுவது, சுவரிலுள்ள கம்ப்யூட்டர் திரைகளில் படித்துப் புரிந்துகொள்ளும் ஆழமான கதை என்று டூமில் இல்லாத பலதும் இதில் இருந்தன. மனிதர்களை மதிக்காத டுராண்டல் என்ற செயற்கை அறிவு எழுதும் செய்திகளைப் படிப்பதற்காகவே அடுத்த லெவலுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் இது மேக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்தது. உலகத்தின் பெரும்பாலான மேஜைகளில் இருந்தது டாஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளம்) ஓடும் மெஷின். அதே பஞ்சிதான் 2001இல் ஹேலோவை உருவாக்கியது.

மவுஸால் சுற்றிலும் பார்ப்பதை அறிமுகப்படுத்தியது குவேக் இல்லையா?

பரப்பியது குவேக். முன்பே செய்து காட்டியவற்றில் ஒன்று 1995இல் பெதஸ்டா வெளியிட்ட தி டெர்மினேட்டர்: ஃப்யூச்சர் ஷாக். இடிந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரம் முழுக்க முப்பரிமாணத்தில். கட்டடங்களுக்குள் நுழையலாம், ஜீப் ஓட்டலாம், எதிரியின் பறக்கும் வாகனத்தையும் ஓட்டலாம். மவுஸை அசைத்தால் பார்வை நகரும், இடது கை கீபோர்டில் நடக்க வைக்கும். இன்று எல்லோரும் ஆடும் முறை அப்படியே. எல்டர் ஸ்க்ரோல்ஸ் செய்த நிறுவனம் என்றே பெதஸ்டாவை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

கொலையே இல்லாத எஃப்.பி.எஸ். உண்டா?

இரண்டு உண்டு, இரண்டும் பெரிய கேம்களின் எஞ்சினிலேயே ஓடியவை.

சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க், 1994. விஸ்டம் ட்ரீ என்ற கிறிஸ்தவ கேம் நிறுவனம் வுல்ஃபென்ஸ்டைன் எஞ்சினுக்கு உரிமம் வாங்கிச் செய்தது. நோவாவின் பேழைக்குள் விலங்குகள் கட்டவிழ்ந்து அலைகின்றன. நீங்கள் உண்டிவில்லால் தீனியை எறிய வேண்டும், அவை சாப்பிட்டுத் தூங்கிவிடும். சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த இந்த கேமுக்கு நின்டெண்டோவின் அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத கேட்ரிட்ஜை (கேம் பதிந்த செருகுபெட்டி) தடுக்கும் சிப் மெஷினுக்குள் இருந்தது. அதனால் கேட்ரிட்ஜின் தலையில் இன்னொரு துளை வைத்தார்கள். அதில் உங்களிடமுள்ள அசல் நின்டெண்டோ கேம் ஒன்றைச் செருகினால் அதிலுள்ள சிப் கதவைத் திறந்துவிடும்.

செக்ஸ் குவெஸ்ட் (Chex Quest), 1996. அமெரிக்காவில் செக்ஸ் என்ற காலை உணவு தானியத்தின் டப்பாவுக்குள் சிடியாக இலவசமாகக் கொடுத்தார்கள். மினசோட்டாவின் டிஜிட்டல் கஃபே செய்தது. உள்ளே இருப்பது டூம் எஞ்சின். பேய்களுக்குப் பதில் பச்சைநிறச் சளி போன்ற உயிரினங்கள். அவற்றைச் சுட்டால் சாகாது, சொந்த உலகத்துக்கே திருப்பி அனுப்பப்படும். விளம்பரத்துக்குச் செய்ததை இவ்வளவு அக்கறையோடு செய்திருக்க வேண்டியதில்லை, ஆனால் செய்தார்கள். அந்தத் தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் பலருக்கு முதல் எஃப்.பி.எஸ். இதுதான். 2020இல் புதுப்பித்த வடிவம் ஸ்டீம் என்ற இணையக் கடையில் இலவசமாக வந்தது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் எங்கே வாங்கலாம்?

எங்கும் வாங்க முடியாது. பழைய சிடி யாரிடமாவது இருந்தால்தான் உண்டு. இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் 2000இல் வந்த கேம்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று அது.

1960களின் உளவுப் படங்களின் பாணி. கேட் ஆர்ச்சர் என்ற பெண் உளவாளி. லிப்ஸ்டிக் வடிவ வெடிகுண்டு, வாசனைத் திரவியப் புட்டியில் மயக்க மருந்து. காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒளிந்து நின்று கேட்கலாம். அவர்கள் குடும்பத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் புலம்புவதைக் கேட்டபின் சுடக் கை வராது. உருவாக்கியது மோனோலித், வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கல். ஃபாக்ஸ் இன்டராக்டிவை விவெண்டி வாங்கியது. விவெண்டியின் கேம் பிரிவு 2008இல் ஆக்டிவிஷனோடு இணைந்தது. மோனோலித்தை 2004இல் வார்னர் வாங்கியது. பழைய ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடமும் ஏதோ ஒரு பங்கு இருக்கலாம் என்ற நிலை. 2013 வாக்கில் நைட்டைவ் நிறுவனம் கேமைப் புதுப்பித்து வெளியிடப் புறப்பட்டது. மூன்று தரப்பின் கதவையும் தட்டியது. உரிமை தங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை என்றது ஒரு தரப்பு. ஒப்பந்தங்கள் கம்ப்யூட்டரில் ஏறாத காலத்துக் காகிதங்கள், அவற்றைத் தேட யாரும் முன்வரவில்லை. வார்னர் சேர்ந்து வெளியிடவும் இல்லை, உரிமம் தரவும் இல்லை. முயற்சி கைவிடப்பட்டது.

அதற்குப்பின் முடிச்சு இன்னும் இறுகியது. 2019இல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது. 2023இல் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2025 பிப்ரவரியில் மோனோலித்தையே வார்னர் மூடிவிட்டது. இந்த மூன்று பெரிய நிறுவனங்களின் ஏதோ ஒரு அலமாரியில் அந்தக் காகிதம் இருக்கலாம். தேடிப் பார்க்கும் செலவைவிட கேம் விற்று வரும் பணம் குறைவு என்பதால் யாரும் தேடமாட்டார்கள். ஒரு கலைப்படைப்பை இப்படி முடக்கிவைப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரே கேம், மெஷினுக்கு மெஷின் வேறு வேறாக வந்தது உண்டா?

பவர்ஸ்லேவ். ஐரோப்பாவில் எக்ஸ்யூம்ட் என்ற பெயர். லோபாட்டமி சாஃப்ட்வேர், 1996. களம் எகிப்தின் கர்னாக். கம்ப்யூட்டருக்கு வந்தது பில்ட் எஞ்சினில் ஓடிய சாதாரண லெவல்-லெவலான ஆட்டம். சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன் ஆகிய கன்சோல்களுக்கு (டிவியில் இணைத்து ஆடும் மெஷின்கள்) வந்தது வேறு கேம் என்றே சொல்லலாம். எஸ்ரா டிரைஸ்பாக் எழுதிய தனி எஞ்சின். உயரே தாவுவது, தண்ணீருக்குள் மூச்சுவிடுவது என்று புதுச் சக்தி கிடைக்கும்போதெல்லாம் முன்பு போன இடத்துக்குத் திரும்பிப்போய் அதுவரை எட்டாத கதவைத் திறக்கலாம். முப்பரிமாணத்துக்கு லாயக்கில்லை என்று எல்லோரும் ஒதுக்கிய சாட்டர்னில் இவர்கள் பிறகு குவேக்கையே ஓடவைத்தார்கள். நிறுவனம் 1990களின் இறுதியோடு கலைந்தது. கேம் 2022இல் நைட்டைவ் வழியாகத் திரும்ப வந்தது. வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள், அது கன்சோல் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது.

தோற்றுப்போன கேம்களையும் ஆடவேண்டுமா?

சிலவற்றை, ஆம். 1998இல் வந்த டிரெஸ்பாஸர் ஜுராசிக் பார்க் கதையுலகத்தைச் சேர்ந்தது. திரையில் எண் எதுவும் இருக்காது. உயிர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாயகி குனிந்து தன் மார்பிலுள்ள இதய வடிவத்தில் பச்சைகுத்தியிருப்பதைப் பார்க்க வேண்டும். குண்டு எவ்வளவு இருக்கிறது என்று அவளே வாய்விட்டுச் சொல்வாள். ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு. கையை நீட்டி எடுக்கலாம், அடுக்கலாம், எறியலாம். அவசரமாக முடிக்கப்பட்டதால் கை தாறுமாறாக முறுக்கிக்கொள்ளும், நல்ல மெஷினிலும் திணறும். விமர்சகர்கள் கிழித்தார்கள். அதன் பின்னால் இருந்த சீமஸ் பிளாக்லி அடுத்து மைக்ரோசாஃப்டுக்குப் போய் எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

ஸ்டாக்ஹோமின் ரிஃப்ராக்ஷன் கேம்ஸ் செய்த கோட்நேம் ஈகிள், 1999, இன்னொன்று. தனியாக ஆட அவ்வளவாகச் சுகமில்லை. ஆனால் பலர் சேர்ந்து ஆடும்போது ஜீப், படகு, விமானம் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், வழியில் குதிக்கலாம். அந்த நிறுவனத்தை டைஸ் என்ற கேம் நிறுவனம் வாங்கியது. அவர்களின் எஞ்சினில் வளர்ந்ததுதான் 2002இன் பேட்டில்ஃபீல்ட் 1942.

புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. மறந்துபோன கேமா?

மேற்கே கேட்டால் ஆம் என்பார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். 2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஐ.ஜி.ஐ. இல்லாத மெஷினைப் பார்ப்பது அரிது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது, 2000 டிசம்பரில் ஐடோஸ் வெளியிட்டது. அந்த நிறுவனம் அதற்குமுன் செய்த ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர் ஒரு போர்விமான கேம். அந்த எஞ்சினையே எடுத்ததால்தான் ஐ.ஜி.ஐ.யில் மலையுச்சியிலிருந்து பார்த்தால் கிலோமீட்டர் கணக்கில் நிலம் விரிந்தது. தாழ்வாரம் தாழ்வாரமாக ஓடிய அன்றைய கேம்களுக்கு நடுவில் அது புதுசு. தூரத்தில் படுத்து பைனாகுலரில் முகாமைப் பார்த்து, கேமரா எங்கே, அலாரம் எங்கே என்று திட்டம் போட்டு இறங்கலாம்.

குறைகளும் பெரிசு. பணியின் நடுவில் சேவ் செய்ய முடியாது, கடைசி வாசலில் செத்தாலும் முதலிலிருந்துதான். பலர் சேர்ந்து ஆடும் வசதியும் இல்லை. நம் ஊரில் அந்தக் குறையைப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தீர்த்துவைத்தார்கள்: ஒருவர் ஆட, மூன்று பேர் வழி சொன்னார்கள். அதனால்தான் இன்றும் டேவிட் ஜோன்ஸ் என்ற பெயரும் அந்த அலாரச் சத்தமும் பலருக்கு நினைவில் இருக்கின்றன.

பழைய கேம்தானே, இணையத்தில் எடுத்துக்கொள்வது சட்டப்படி சரியா?

விற்பனையில் இல்லை என்பதால் உரிமை போய்விடுவதில்லை. அமெரிக்காவில் நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்யவைத்த படைப்புக்கு, வெளியானதிலிருந்து 95 வருடம் பதிப்புரிமை. அப்படிப் பார்த்தால் 1993இல் வந்த கேம் 2088 முடியும்வரை ஒருவரின் சொத்து. அந்த ஒருவர் யார் என்று தெரியாவிட்டாலும் அப்படித்தான். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் நூலகம் வழியாகத் தொலைவிலிருந்து ஆடிப்பார்க்க அனுமதி கேட்டதையும் 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

உரிமையாளர்களே மனமுவந்து கொடுத்தவை உண்டு. மாரத்தான் மூன்று பாகங்களையும் இலவசமாகப் பகிரலாம் என்று 2005இல் பஞ்சி அனுமதித்தது. அன்று ஷேர்வேராக (முதல் பகுதி இலவசம், மீதி காசுக்கு) வந்தவற்றின் முதல் பகுதி இலவசமாகப் பகிர்வதற்கென்றே வெளியிடப்பட்டது, இன்றும் அப்படியே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சோர்ஸ் கோடு பொதுவில் வந்தாலே கேம் முழுக்க இலவசம் என்று அர்த்தமில்லை. ரைஸ் ஆஃப் தி ட்ரையட்டின் கோடு 2002இல் வெளியானது, ஆனால் படங்களும் லெவல்களும் இன்னும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை.

இன்றைய கம்ப்யூட்டரில் எப்படி ஓட்டுவது?

முதலில் அந்த கேமுக்கு சோர்ஸ் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேமின் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் புதிய மெஷினுக்கு மாற்றி எழுதியதுதான் சோர்ஸ் போர்ட். ஹெரெடிக், ஹெக்ஸன், ஸ்ட்ரைஃப், செக்ஸ் குவெஸ்ட் நான்குக்கும் ஜீஇசட்டூம் போதும். மாரத்தானுக்கு அலெஃப் ஒன். பிளேக் ஸ்டோனுக்கு பிஸ்டோன். வுல்ஃபென்ஸ்டைன், நோவாஸ் ஆர்க் இரண்டுக்கும் இசிவுல்ஃப். கம்ப்யூட்டர் பவர்ஸ்லேவுக்கு ரேஸ்.

போர்ட் இல்லாத டாஸ் கேமுக்கு, பழைய டாஸ் மெஷினைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராம். அதில் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். ஒன்று, வேகம். கேம் தலைதெறிக்க ஓடினால் சைக்கிள் (நடிக்கும் மெஷினின் வேகம்) எண்ணைக் குறையுங்கள், திணறினால் கூட்டுங்கள். இன்னொன்று, அகல-உயர விகிதம். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தை அந்தக் கால மானிட்டர் 4:3 வடிவத்துக்கு நீட்டிக் காட்டியது. அதைத் திருத்தாமல் ஆடினால் எல்லோரும் நசுங்கிக் குட்டையாகத் தெரிவார்கள்.

பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

நிறையப் பேருக்கு இருக்கும் பிரச்சினைதான், இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பழைய கேம்கள் பல குறுகிய பார்வைக்கோணத்தில் காட்டுகின்றன. நடக்கும்போது திரையும் ஆடுகிறது. டூம் எஞ்சின் விநாடிக்கு 35 படங்களுக்கு மேல் காட்டாது. இவை மூன்றும் சேர்ந்தால் குமட்டும். சோர்ஸ் போர்ட்டில் பார்வைக்கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, நடை ஆட்டத்தை அணைத்துவிடுங்கள். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். குமட்டல் தொடங்கிய உடனே நிறுத்திவிடுங்கள். பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

ஒரே ஒரு கேம் ஆட நேரம் இருக்கிறது. எது?

ஸ்ட்ரைஃப்.

வீட்டில் பழைய கேம் சிடிகள் கிடக்கின்றன. தூக்கிப் போடலாமா?

வேண்டாம். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சிடியின் உலோகப் படலம் ஈரத்திலும் வெயிலிலும் அரிக்கும், நம் ஊர்த் தட்பவெப்பத்தில் சீக்கிரமே. நகல் எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ. வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1990களின் பல கேம் சிடிகளில் இசை, கோப்பாக இல்லாமல் ஆடியோ சிடிபோலத் தனித் தடங்களாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. அந்தத் தடங்களை விட்டுவிடும், கேம் ஓடும், ஆனால் ஊமையாக ஓடும். பின் (BIN), கியூ (CUE) என்ற இரட்டைக் கோப்பு வடிவத்தில் எடுத்தால் எல்லாம் வரும். டப்பாவும் கையேடும் இருந்தால் அவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். சீரியல் எண்ணும், கேம் தொடங்கும்போது கேட்கும் கேள்விக்கான விடையும் பல சமயம் அந்தக் கையேட்டில்தான் இருக்கும்.